எலும்பிலிருந்து உயரம்

காணாமற்போனவரைத் தேடும் குடும்பத்தினரிடம் கேட்கப்படும் முதற் கேள்விகளுள் ஒன்று, அவருடைய உயரம். கிடைத்தவை எலும்புகள் மட்டுமே எனினும், அவ்வுயரத்தை ஓரளவு கணித்தறிய இயலும்.

இக்கணிப்பில் புகழ்பெற்ற சூத்திரங்களை 1952ஆம் ஆண்டில் மில்ட்ரெட் டிராட்டர், கோல்டின் கிளெசர் என்னும் இரு அமெரிக்கப் பெண் அறிஞர்கள் வெளியிட்டனர். உடற்கூறியல் பேராசிரியரான டிராட்டர், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் மாண்ட வீரர்களை அடையாளம் காணும் பணிக்காக 1948இல் ஹவாய் சென்றவர். படையில் சேர்ந்தபோது அளந்த உயரம் ஏட்டில் இருந்தது. எலும்பு கையில் இருந்தது. இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பு அதற்குமுன் அரிது.

வெள்ளையின ஆண்களுக்கான சூத்திரம் எளியது. தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்ட வேண்டும். எலும்பு 45 செ.மீ. எனில் உயரம் ஏறத்தாழ 168.5 செ.மீ.; பிழை எல்லை 3.27 செ.மீ. மூவரில் ஒருவர் அவ்வெல்லைக்கும் வெளியே நிற்கக்கூடும். 30 வயதுக்குமேல் ஆண்டுக்கு 0.06 செ.மீ. கழிக்குமாறும் அவர்கள் கூறினர்.

கை, கால், உடற்பகுதி ஆகியவற்றின் விகிதம் மக்களினத்துக்கு மக்களினம் வேறுபடுவதால், ஓரினத்தின் சூத்திரத்தை மற்றோரினத்துக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆகவே, உயரத்தை மட்டும் கொண்டு "இவரே அவர்" என்று நாங்கள் துணிந்து கூறுவதில்லை. "இவர் அவரல்லர்" என்று விலக்குவதற்கே அது பெரிதும் உதவும்; முடிவைப் பற்களும் மரபணுச் சோதனையும் தர வேண்டும். வீட்டார் கூறும் உயரமும் பெரும்பாலும் நினைவிலிருந்து வருவதே. அடையாள அட்டையிலுள்ள எண்ணை அவர்கள் அழுத்திச் சொல்லும்போதும், அது எப்போது அளந்தது என்று கேட்டறிவது நன்று.

முதுமையில் முதுகெலும்பிடைத் தட்டுகள் மெலிவதால் உயரம் சிறிது குறைவது இயல்பு. இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ.க்குமேல் குறைந்திருப்பின், எலும்புத் தேய்வால் முள்ளெலும்பு நசுங்கியுள்ளதா என ஆராய வேண்டும். வலியின்றியும் அது நிகழும். பழைய அளவு வீட்டில் குறித்து வைக்கப்பட்டிருந்தால் எங்களுக்குப் பேருதவி.

நினைவிழந்து படுத்திருப்பவரின் முன்கையை நாங்கள் நாடாவால் அளப்பதைக் கண்டு உறவினர் சிலர் திகைப்பதுண்டு. எலும்பு நீளத்திலிருந்து உயரத்தை அறியும் அதே கணக்குத்தான் அங்கும். நுரையீரலின் கொள்ளளவு உடல் எடையைவிட உயரத்தையே சார்ந்தது. செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைச் செலுத்த வேண்டும் என்பதை அதைக் கொண்டே வகுக்கிறோம்.