ஆறு தந்திப் பேஸ் கிற்றார்

இசைக்கருவி செய்விப்போர், தாம் வேண்டும் ஒலி யாதெனத் தெளிந்த பின்னரே கைவினைஞரை அணுகுதல் வேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் அன்ரனி ஜாக்சனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட மின் பேஸ் கிற்றார், டபிள் பேஸ் என்னும் பெருங்கருவியைப் பின்பற்றி நான்கு தந்திகளே உடையதாயிற்று. கிற்றார் இனத்துக்கு ஆறு தந்திகள் இயல்பாயிருக்க, அவ்வினத்தின் தாழ்ந்த குரலுக்கு மட்டும் நான்கு அமைவதேன் என ஜாக்சன் வினவினார். அவர் விருப்பப்படி, 1975இல் நியூயோர்க்கைச் சேர்ந்த காள் தொம்சன் என்னும் கைவினைஞர், கீழே ஒன்றும் மேலே ஒன்றும் மிகுத்து ஆறு தந்திக் கருவியொன்றை ஆக்கினார். ஆயின் தந்திகளின் இடைவெளி விரல்களுக்கு ஒடுங்கியதாயிருந்தது. ஜாக்சன் மனந்தளர்ந்தாரல்லர், பிற வினைஞரையும் நாடினார்.

மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 31 முறையே அதிர்வது. நீளமும் இழுவிசையும் போதாவிடின் அதன் ஒலி தெளிவிழக்கும். ஆதலின், வழக்கமான 34 அங்குலத்தினும் நீண்ட 36 அங்குலத் தந்தியளவே அவர்க்கு ஏற்றதாயிற்று. போடேரா தொழிற்கூடத்தார் பிற்காலத்தில் அவ்வளவிலே கருவிகள் செய்தளித்தனர்.

முதற்கருவியின் குறையே அடுத்த கருவிக்கு அளவுகோலாயிற்று. வாசிப்போர் செவியும் செய்வோர் கையும் நெடுங்காலம் கூடி உழைத்தாலன்றி நற்கருவி தோன்றுவதில்லை.