ஏகாம்பரநாதர் கோபுரமும் ஐம்பது மீட்டர் அரக்கனும்

சென்ற ஆண்டு ஒரு மதிய இடைவேளையில் எங்கள் தென்னேரிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. "சும்மா ராட்சச சண்டை விளையாடினோம் டீச்சர்" என்றான் மற்றவன். விளையாட்டுக்கு மூலம் எது என்று விசாரித்ததில் ஒரு நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் பூதாகரமான மிருகங்கள், இடிந்து விழும் கட்டடங்கள். வரைந்தவன் சண்டைக்கே போகாத மூன்றாமவன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கேட்ட கேள்விக்குக்கூட வாய் திறக்காதவன். நோட்டை வாங்கி பீரோவில் பூட்டினேன். அவன் எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகு அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரையாண்டு விடுமுறையில் மலேசியாவிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்தது. அவர் மகன் மடிக்கணினியைத் திறந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்கினான். திரையில் நின்றவை நோட்டில் நான் பார்த்த அதே மிருகங்கள்!

விளையாட்டின் பெயர் 'கிகாபாஷ்'. மலேசியாவின் பேஷன் ரிபப்ளிக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. நான்கு பேர் வரை ஒரே திரையில் ஆடலாம். இணையம் வழியாகவும் ஆடலாம். தொடக்கத்தில் பத்துப் பாத்திரங்கள். கட்டடத்தைக் கவசமாகப் போர்த்திய குரங்கு காங்க்ரீட், பனி மிருகம் வூல்லி, இயந்திர வீரன் தண்டட்ராஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித்த அடிமுறை உண்டு. சண்டைக்கு நடுவே ஆற்றலைத் திரட்டிக்கொண்டால் உருவம் இன்னும் பெரிதாகிறது. ஊரே நொறுங்குகிறது, ஆனால் இரத்தம் இல்லை. தோற்ற மிருகம் அடுத்த சுற்றில் எழுந்து வந்துவிடுகிறது.

நான் கவனித்தது பிள்ளைகளின் பேச்சைத்தான். யாராவது ஒருவன் பெரிதாக வளர்ந்துவிட்டால் மற்ற மூவரும் நொடியில் கூட்டணி போடுகிறார்கள். அவன் சாய்ந்ததும் கூட்டணி கலைகிறது. "நீதானே என்னைக் காப்பாத்துறேன்னு சொன்னே" என்ற சண்டை, சிரிப்பு, மறுபடி ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "சூரசம்ஹாரம் மாதிரில்ல இருக்கு" என்றார். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய குமரகோட்டம் எங்கள் காஞ்சியில்தான் இருக்கிறது. யானைமுகன், சிங்கமுகன், சூரன் என்று தலை மாறி மாறி வருவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சூரனும் முடிவில் மயிலும் சேவலுமாகத் தானே ஆகிறான்!

மாமியார் சொன்னதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த ராட்சச மிருகங்களுக்கு மூதாதை ஜப்பானில் 1954இல் வந்த 'காட்ஜில்லா' திரைப்படம். அதில் மிருகமாக நடித்தது ரப்பர் உடை அணிந்த மனிதர்தான். அவர் காலடியில் ஒன்றுக்கு இருபத்தைந்து என்ற அளவில் செய்த பொம்மை நகரம். வேகமாகப் படம்பிடித்து, இயல்பு வேகத்தில் திரையிட்டார்கள். அசைவு மெதுவானது, மிருகத்துக்கு எடை வந்தது. வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞரின் வேலைதான் அதுவும்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனை அழைத்தேன். "காங்க்ரீட் எப்படிடா சண்டை போடும்?" என்றேன். திகைத்துப் போனான். அவன் ஒருமுறைகூட அந்த விளையாட்டை ஆடியதில்லை. அப்பாவின் கைபேசியில், யாரோ ஆடும் காணொளிகளை மட்டும் பார்த்திருக்கிறான். பத்துப் பாத்திரங்களின் பலமும் பலவீனமும் அவனுக்கு மனப்பாடம். மறுநாள் வகுப்பில் அவனையே விளக்கச் சொன்னேன். தொடக்கத்தில் தடுமாறினான், பிறகு பத்து நிமிடம் நிறுத்தவில்லை. கால் எடுத்து வைத்தால் தரை அதிர்வதை அவன் சொன்ன விதத்தில் உவமையும் இருந்தது, வரிசையும் இருந்தது.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "காட்ஜில்லா ஏகாம்பரநாதர் கோபுரத்தைவிட உயரமா டீச்சர்?" கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டிய அந்த ராஜகோபுரம் ஏறக்குறைய 190 அடி. 1954 காட்ஜில்லாவின் உயரம் 50 மீட்டர், அதாவது சுமார் 164 அடி. கோபுரம்தான் உயரம்! வகுப்பே கைதட்டியது.

அந்த உற்சாகத்தை விடாமல் கணக்குக்குள் நுழைந்தோம். எட்டாம் வகுப்பில் வர்க்கமும் கனமும் இருக்கின்றனவே. ஒன்றரை மீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ள மாணவனை அப்படியே 33 மடங்கு பெரிதாக்கினால் அவன் ஏறக்குறைய காட்ஜில்லா உயரம் வருவான். எலும்பின் குறுக்குப் பரப்பு 33இன் வர்க்கமாக, 1,089 மடங்குதான் கூடும். எடையோ 33இன் கனமாக, 35,937 மடங்கு கூடும். அதாவது 1,400 டன்னுக்கு மேல். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 33 மடங்கு பாரம் தாங்க வேண்டும். ஒரு பையன் தன்னைப் போன்ற 32 பேரைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குச் சமம். ஆட்டின் காலை அப்படியே பெரிதாக்கி யானைக்குப் பொருத்த முடியாததும் இதனால்தான். கலிலியோ 1638இல் வெளியான நூலில் எலும்பு வரைந்து விளக்கிய செய்தி இது. சுண்ணக்கட்டிப் பெட்டிகளை எட்டெட்டாக அடுக்கிக் காட்டினால் ஆறாம் வகுப்புக்கும் புரிகிறது. இரு மடங்கு பெரிய பெட்டிக்கு எட்டுப் பெட்டி வேண்டும், அதன் அடிப்பரப்போ நான்கு பெட்டி அளவுதான்.

பெற்றோர் கேட்டால் சொல்வதற்கு ஒரு செய்தி. விளையாட்டுகளுக்கு வயது முத்திரை உண்டு. அமெரிக்காவில் 1994 முதலும் ஐரோப்பாவில் 2003 முதலும் நடைமுறையில் இருக்கிறது. அந்த முத்திரை விளையாட்டுக்குள் இருக்கும் காட்சிகளுக்குத்தான். இணையத்தில் எதிரே ஆடுபவர் யார், என்ன பேசுவார் என்பதற்கு அது பொறுப்பேற்காது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, வீட்டு ஆட்களோடு ஒரே திரையில் ஆடுவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். தனியாக அறைக்குள் ஆடுவது வேறு கதை. காணொளி மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு, 'திரையில் அடித்தால் வலிக்காது, மைதானத்தில் வலிக்கும்' என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உதடு கிழிந்தவனே அதை மற்றவர்களுக்குச் சொன்னான்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து அவனே கொண்டுவந்து நீட்டினான். எல்லா மிருகங்களின் கால்களையும் அழித்துவிட்டு, வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களைப் போலத் தடிமனாக வரைந்திருந்தான். பறக்கும் ஒன்றை மட்டும் அப்படியே விட்டிருந்தான். "இதுக்கு இறக்கை எவ்ளோ பெருசா வேணும் டீச்சர்?" என்றான்.