வேலியோரப் பயிற்றங்கொடியும் எமது கிணற்று நீரும்

மரக்கறி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுத்தோட்டம் பற்றிய பேச்சு எழுவதும், விலை இறங்கியதும் அப்பேச்சு ஓய்ந்துவிடுவதும் எமது நாட்டில் வழமையாகிவிட்டன. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, அரச ஊழியர்கள் தமது வளவுகளில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் தீர்மானத்தையும் அரசாங்கம் எடுத்திருந்தது. அன்று அவசரமாகக் கொத்தப்பட்ட பாத்திகளுள் பல பின்னர் புல் மண்டிப்போனதை நாம் கண்டோம். வீட்டுத்தோட்டம் பஞ்ச காலத்துக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறானது என்பதைப் பயிற்றங்காய் என்ற எளிய மரக்கறி ஒன்றைக் கொண்டே விளக்க விரும்புகின்றோம்.

பயிற்றங்காய் கௌபி இனத்தைச் சேர்ந்த கொடி. மலைநாட்டுக் குளிரில் செழிக்கும் போஞ்சியைப் போலன்றி, இது வெப்பத்தை விரும்புவது. எனவே யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு போன்ற வரண்ட பிரதேசங்களுக்கு மிகவும் ஏற்றது. நாற்றுமேடை தேவையில்லை. கூட்டெரு கலந்த மண்ணில் ஒன்றரை அடி இடைவெளியில் குழியிட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். ஒரு வாரத்துக்குள் முளைவிடும். கொடி ஓடத் தொடங்கும் முன்னரே ஆறடி உயரத் தடிகளை நாட்டிவிட வேண்டும். வேலியோரத்துச் சீமைக்கிளுவைக் கதியால்களே இதற்குப் போதுமானவை. அவற்றின் குழையும் நல்ல பசளையாகும். நீர் தேங்குவதை இக்கொடி தாங்காது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது பாத்தியை உயர்த்தி அமைத்தல் அவசியம்.

விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. காயைக் கொடியில் முற்ற விட்டால், விதை உருவாகிவிட்டதென்று கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாட்களுக்கு ஒரு தடவை இளங்காயாகப் பறித்து வந்தால் வாரக்கணக்கில் தொடர்ந்து காய்க்கும். பறிக்கப் பறிக்கப் பெருகும் பயிர் இது.

சந்தைக் காய் பற்றிய எமது கவலைக்கும் இந்த இயல்பே காரணமாகின்றது. ஒவ்வொரு பீடைநாசினியையும் தெளித்த பின்னர் அறுவடைக்கு முன் இத்தனை நாட்கள் காத்திருக்க வேண்டுமென அதன் சுட்டுத்துண்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். நெல்லுக்கோ பூசணிக்கோ ஒரு வாரம் பொறுத்திருப்பது பெரிய சிரமமன்று. பயிற்றங்காய்ச் செய்கையாளர் ஒரு வாரம் பொறுத்தாரேயானால் மூன்று பறிப்புகளின் காய்கள் முற்றி விலையற்றுப்போகும். மருந்து தெளித்த மறுநாளே பறிக்கும் நிர்ப்பந்தம் பயிரின் தன்மையிலேயே இருக்கின்றது. விவசாயியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆனால் ஒரு குடும்பத்தின் தேவைக்கெனப் பத்துக் கொடிகளை வளர்ப்பவருக்கு இந்த நிர்ப்பந்தம் கிடையாது. இளந்தளிரில் அப்பும் கறுப்பு அழுக்கணவனை விரலால் துடைத்தோ, நீரை விசிறியடித்தோ, ஐதான சவர்க்கார நீரைத் தெளித்தோ கட்டுப்படுத்தலாம். பொறிவண்டுகள் வந்தால் அவற்றை விட்டுவிட வேண்டும். அழுக்கணவனே அவற்றின் உணவு. புழு துளைத்த பூவையும் காயையும் அன்றாடம் பறித்து அழிப்பதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

இதனிலும் பெரிய நன்மை மண்ணுக்குக் கீழே நிகழ்கின்றது. அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் இறைசோபியம் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உகந்த வடிவில் மாற்றிக் கொடுக்கின்றன. ஒரு வேரைப் பிடுங்கிச் சிறுகணுவை நசுக்கிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கின்றது என்று பொருள். யூரியாவை அள்ளிப் போட்டால் இச்செயற்பாடு மந்தமடையும். கொடி இலையாகத் தழைக்குமே தவிரக் காய்ப்பது குறையும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நாட்டின் விவசாயம் தத்தளித்ததை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய வேளையிலும் பெரிதாகப் பாதிக்கப்படாத பயிர்களுள் ஒன்றை வளவிலே வைத்திருப்பது விவேகமானது.

குடாநாட்டு மக்களுக்கு இது வெறும் செலவு பற்றிய கணக்கன்று. வற்றாத ஆறு எதுவும் இல்லாத யாழ்ப்பாணம், சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கின்றது. தோட்டத்துக்கு அளவுமீறி இடும் நைதரசன் பசளையும் மலசலக்கூடக் குழிகளின் கசிவும் அந்த நீரையே சென்றடைகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று அகலாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பத்துப் பயிற்றங்கொடிகள் இதனை மாற்றிவிடப் போவதில்லை. ஆயினும், கிணற்றடியில் யூரியா வேண்டாத பயிரொன்றை நடும் குடும்பம், தான் குடிக்கும் நீரில் தானே நஞ்சு கலப்பதை நிறுத்துகின்றது.

பயன்பாட்டைப் பற்றி எமது இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளங்காய் தேங்காய்ப்பால் வெள்ளைக்கறிக்கும் வறைக்கும் ஏற்றது. ஒடியற் கூழ் பயிற்றங்காய் இன்றி நிறைவு பெறுவதில்லை. முற்றிய காயின் விதையைக் கௌபியைப் போல் அவிக்கலாம். அறுவடை ஓய்ந்ததும் கொடியை நிலமட்டத்தில் வெட்டி வேரை மண்ணிலேயே விட்டால், அடுத்து நடும் கத்தரிக்கோ மிளகாய்க்கோ அது உரமாகும்.

இறுதியாக விதை. பயிற்றம்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. கலப்பின விதையாக இல்லாதவிடத்து, நன்றாகக் காய்த்த, நோயற்ற கொடியொன்றில் சில காய்களை முற்றிக் காயவிட்டு எடுக்கும் விதை தாய்க்கொடியின் குணத்தையே பெரும்பாலும் கொண்டிருக்கும். அதனைச் சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வைத்தால் அடுத்த போகத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. எமது பாட்டிமார் அடுப்படியில் காத்த அந்தப் போத்தல் மீண்டும் ஒவ்வொரு வீட்டிலும் இடம்பெற வேண்டும். அடுத்த விலையேற்றம் வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே எமது வேண்டுகோள்.