கப்பல் விருந்தும் வரிசை ஒழுங்கும்

"பந்திக்கு முந்து; படைக்குப் பிந்து" என்பது நம் முன்னோர் வழியாக வழங்கிவரும் பழமொழி. இதன் உட்பொருள் குறித்துப் பலரும் பலவாறு உரைப்பர். எவ்வாறு உரைப்பினும், பந்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றே. வரிசையாக இடப்பட்ட வாழை இலைகள். அவற்றின் முன் அமர்ந்திருக்கும் விருந்தினர். வாளியும் கரண்டியும் ஏந்திப் பரிமாறி வருவோர். பந்தியில் விருந்தினரின் வேலை அமர்ந்து உண்பது மட்டுமே. யாருக்கு எவ்வளவு இடுவது, கடைசி இலை வரையில் பாயசம் எட்டுமா என்னும் கவலையெல்லாம் பரிமாறுவோரைச் சார்ந்தது.

இன்றோ கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நடைபெறும் திருமணங்கள், பிறந்தநாள் விழாக்கள், சங்கக் கூட்டங்கள் ஆகியவற்றில் 'பஃபே' விருந்தே பெரிதும் காணப்படுகின்றது. உணவு வகைகளை நீண்ட மேசையின்மீது வைத்துவிடுவர். விருந்தினர் தட்டேந்தி வரிசையில் சென்று, தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். உல்லாசக் கப்பல்களில் இம்முறை இன்னும் பெரிய அளவில் உள்ளது. நம் கிள்ளானுக்கு அருகேயுள்ள புலாவ் இண்டா தீவில் அத்தகைய கப்பல்கள் வந்து நிற்பதற்கென ஒரு முனையமே உண்டு. விடுமுறைக் காலத்தில் பினாங்கு, லங்காவி, பூக்கெட் முதலிய இடங்களுக்குக் கப்பலில் சென்றுவரும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. முதன்முறை செல்வோர்க்கு அங்குள்ள உணவுக்கூடம் வியப்பையும், அதனோடு சிறிது அச்சத்தையும் தருவது இயல்பு. ஆதலின் அங்கு நடந்துகொள்ளும் முறையையும் அதன் காரணங்களையும் மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

கரண்டி யார் கையில்?

கப்பலில் வரிசை நிற்பது மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'இராஜுலா' என்னும் கப்பல், 1973 வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகிய இடங்களை இணைத்து ஓடியது. 1972க்கு முன்னர் நம் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதாகும். இராஜுலாவுக்குப் பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் அவ்வழியில் ஓடி, 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு தன் பணியை முடித்துக்கொண்டது. நம் தாத்தா பாட்டியர் பலர் இக்கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களே. தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நின்று சோறு வாங்கியதை அவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். அவ்வரிசையில் கரண்டி கப்பல் சமையற்காரரின் கையில் இருந்தது. அவர் இட்டதே அளவு.

இக்காலத்து உல்லாசக் கப்பலிலோ கரண்டி நம் கையில் இருக்கின்றது. பந்தியையும் பஃபேயையும் வேறுபடுத்துவது இதுவே. பஃபேயில் ஒவ்வொருவரும் விருந்தினர், ஒவ்வொருவரும் பரிமாறுபவர். பந்தியில் பரிமாறுபவர் ஒரு கரண்டி எடுக்கும் முன்னர், இலைகளின் கடைசி வரையில் ஒருமுறை கண்ணோட்டம் செலுத்துவார். பஃபேயில் அந்தக் கண் நமக்கு வேண்டும். நமக்குப் பின்னால் நிற்பவரே நம் கடைசி இலை. அவர் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எளிதில் மறந்துபோகிறார். பஃபே ஒழுங்குகள் யாவும் அவரை மறவாதிருப்பதற்காக ஏற்பட்டவையே.

இவ்விருந்து முறை தோன்றிப் பரவிய கதையும் சுவையானது. சுவீடன் நாட்டில் பலவகை உணவுகளை ஒரே மேசையில் பரப்பி, விரும்பியதை எடுத்துண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1939ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் சுவீடன் நாட்டார் அவ்விருந்தை அமைத்தபோது, அமெரிக்கர் பலர் அதனை அறிந்தனர். 1958இல் தோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் இம்முறையில் ஓர் உணவகத்தைத் திறந்து, அதற்கு 'வைக்கிங்' என்னும் பெயரைச் சேர்த்தது. அதனால் சப்பானியர் இன்றும் பஃபேயை 'வைக்கிங்' என்றே அழைக்கின்றனர். ஈராயிரம், மூவாயிரம் பேர் சில மணி நேரத்திற்குள் உண்ண வேண்டிய கப்பலுக்கு இம்முறை மிகவும் பொருந்தியதில் வியப்பில்லை.

வரிசையின் கணக்கு

மாணவர்களே, வரிசை என்பது ஒரு கணக்குப் பாடமும் ஆகும். 120 பேர் ஒரே வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். கோழிக்கறி இருக்கும் பாத்திரத்தருகே ஒவ்வொருவரும் 10 வினாடி நின்றால், 120 பேரும் அதைக் கடக்க 1200 வினாடி ஆகும். அதாவது 20 நிமிடம். ஒவ்வொருவரும் குழம்பைக் கிளறி, நல்ல துண்டைத் தேடி, 5 வினாடி மட்டும் கூடுதலாக நின்றால் என்ன ஆகும்? 1800 வினாடி, அதாவது 30 நிமிடம். ஒருவர் பார்வையில் ஐந்து வினாடி ஒன்றுமே இல்லை. கடைசியில் நிற்பவர்க்கோ அது பத்து நிமிடப் பசி.

இக்கணக்கிலிருந்து சில நடைமுறைகள் தாமே விளங்கும். தட்டை எடுக்கும் முன்னர் மேசையை ஒருமுறை சுற்றி வந்து, என்னென்ன உள்ளன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கப்பல்களில் சோறு ஒரு மேசை, ரொட்டி ஒரு மேசை, பழம் ஒரு மேசை எனத் தனித்தனியே அமைத்திருப்பர். பழம் மட்டும் வேண்டுவோர் சோற்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மேசையின் இருபுறமும் தட்டுகள் இருந்தால் இருபுறமும் வரிசை செல்லலாம் என்று பொருள். ஒரு புறம் நெரிசலாகவும் மறுபுறம் வெறுமையாகவும் இருக்கவிடுதல் அறியாமை. உணவுக்கூடம் திறந்த உடனே எல்லோரும் விரைவதால்தான் நெரிசல் மிகுகின்றது. அரைமணி நேரம் தாழ்த்திச் சென்றால் பெரும்பாலும் வரிசை குறைந்திருக்கும்; பாத்திரங்களையும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருப்பர்.

ஒருவர் வரிசையில் நிற்க, பின்னர் அவரது சுற்றத்தார் அறுவர் வந்து அவரோடு சேர்ந்துகொள்வது நம்மவரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். அன்பினால் செய்வதே என்றாலும், பின்னால் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் அறுவரின் நேரம் கூடிவிடுகின்றது. முதியோர்க்கும் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மார்க்கும் வழிவிடுதல் நற்பண்பு. எனினும் பின்னால் நிற்போரையும் ஒரு சொல் கேட்டுவிட்டு வழிவிடுதலே முறை; ஏனெனில் நாம் தருவது நம் இடத்தை மட்டுமன்று, அவர்களது நேரத்தையும் கூட. நிற்க இயலாத பெரியவர்களை நாற்காலியில் அமரவைத்து, வீட்டில் ஒருவர் அவர்களுக்கு வேண்டியதை எடுத்து வரலாம். பல கப்பல்களில் அமர்ந்திருப்போர்க்குப் பணியாளரே உணவு கொண்டுவரும் கூடமும் கட்டணத்திற்குள் அடங்கியிருக்கும். தனிக்கட்டணம் உள்ள உணவகங்களும் உண்டு. எது எதுவென முன்னரே கேட்டறிவதில் வெட்கம் வேண்டியதில்லை. அவ்வாறே, கைப்பையை வைத்து நாற்காலிகளைப் பிடித்துவைப்பதும், உண்டு முடித்தபின் மேசையில் நெடுநேரம் உரையாடிக்கொண்டிருப்பதும், தட்டேந்தி இடம் தேடி நிற்பவர்க்கு இடையூறாகும்.

தட்டும் கரண்டியும்

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு கரண்டி இருக்கும். அதனை அந்தப் பாத்திரத்திலேயே வைக்க வேண்டும். மீன் குழம்பில் இட்ட கரண்டியைப் பருப்பில் இட்டுவிட்டால், சைவ உணவு உண்பவர் அப்பருப்பைத் தொட இயலாது. மாட்டிறைச்சி உண்ணாதோர், ஹலால் உணவு மட்டுமே உண்போர், இறாலோ நிலக்கடலையோ உடலுக்கு ஒவ்வாதோர் எனப் பலரும் ஒரே வரிசையில் வருகின்றனர். இறால் ஒவ்வாத ஒருவர்க்குக் கரண்டியில் ஒட்டிய சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகலாம். பல இனத்தவரும் சமயத்தவரும் கூடி வாழும் நம் நாட்டில், கரண்டியை இடம் மாற்றாமல் வைப்பது பிறர் நம்பிக்கையைக் காப்பதற்கு ஒப்பாகும். பாத்திரத்தின் முன் வைத்திருக்கும் பெயரட்டையைப் படிக்க வேண்டும். விளங்காவிடில் பணியாளரிடம் கேட்க வேண்டும்.

சிறிது சிறிதாக எடுப்பதே சிறப்பு. வேண்டுமாயின் மீண்டும் செல்லலாம், தடுப்பார் எவருமிலர். தட்டில் எடுத்த உணவை மீண்டும் பாத்திரத்தில் இடுதல் கூடாது. மறுமுறை செல்லும்போது புதிய தட்டை எடுத்துச் செல்ல வேண்டும். எச்சில் தட்டைப் பொதுக் கரண்டி தொட்டால் நம் வாயிலுள்ள கிருமிகள் அதன் வழியே பிறர்க்குச் செல்லும் என்பதே காரணம். பாத்திரத்தின்மேல் சாய்ந்து பேசுவதும், கையால் எடுப்பதும் தவறு. கப்பல் அசையும் தன்மையது. ஆகவே சூப்புக் கிண்ணத்தை விளிம்பு வரையில் நிரப்பாமல், சிறுவர்களுக்குச் சூடானவற்றைப் பெரியவர்களே எடுத்துத் தருவது நன்று. மீந்த பழத்தையோ சோற்றையோ பையிலிட்டுக் கரைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது. பயிர் நோய்களும் பூச்சிகளும் பரவாமலிருக்கப் பல நாடுகள் அதனைச் சட்டத்தால் தடுத்துள்ளன.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது கை கழுவுதல். கப்பல்களில் 'நோரோ' என்னும் வைரசு பரவி, நூற்றுக்கணக்கானோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்ற நிகழ்ச்சிகள் பல உண்டு. மிகச் சில கிருமிகளே ஒருவரை நோயாளியாக்கப் போதுமானவை. வாயிலில் வைத்திருக்கும் கைத்தூய்மி மருந்து இதற்கு முழுமையான காப்பன்று. சோப்பும் நீரும் கொண்டு 20 வினாடியேனும் கை கழுவுவதே சிறந்த வழி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டவர் உணவுக்கூடத்திற்குச் செல்லாமல் கப்பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அதனை மறைத்தல் பெருந்தீங்கு. நோய் பரவும் காலத்தில் கப்பல்காரர் என்ன செய்கின்றனர் தெரியுமா? விருந்தினர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, தம் பணியாளரைக் கொண்டே பரிமாறச் செய்கின்றனர். 2020இல் கோவிட் நோய் பரவிய பின்னரும் பல கப்பல்களில் அவ்வாறே நடந்தது. கரண்டி நம்மிடம் இருப்பது நம்மீது வைத்த நம்பிக்கை என்பது இதனால் விளங்கும்.

கப்பலிலும் ஒரு பெரட்டு

தோட்டத்துப் பெற்றோர்க்குப் பெரட்டைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்தவர்களும், பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு முறைக்குக் காத்திருந்தவர்களும் அவர்களே. ஒழுங்கோடு நிற்பது அவர்களுக்குக் கைவந்த கலை. கப்பலிலும் அத்தகைய பெரட்டு ஒன்று உண்டு. ஆபத்து நேர்ந்தால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எவ்வாறு அணிய வேண்டும் என்பதைப் பயணிகளுக்குக் காட்டும் பயிற்சியே அது.

1912இல் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1914இல் கடற்பயணப் பாதுகாப்பிற்கென உலக நாடுகள் கூடி முதல் உடன்படிக்கையைச் செய்தன. அவ்வாறிருந்தும், 2012 ஜனவரியில் இத்தாலி நாட்டுக் கரையோரம் 'கோஸ்டா கொன்கோர்டியா' என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை புதிதாக ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடத்தப்படும் முன்னரே அவ்விபத்து நேர்ந்துவிட்டது. அதன் பின்னர் விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தப்பட வேண்டும் என 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலியும் அதன்பின் ஒரு நெடிய ஒலியும் எழுந்தால், அதுவே கூடுமாறு விடுக்கும் அழைப்பு. அப்போது பெட்டியைத் தேடி ஓடாமலும் மின்தூக்கியில் ஏறாமலும் உரிய இடத்திற்குச் செல்ல வேண்டும்.

உணவுக்கூடத்து வரிசைக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். கோழிக்கறிக்காகப் பிறரைத் தள்ளிச் செல்லும் பழக்கமுடையவர், உயிர்காப்புப் படகின் முன் திடீரென நிதானம் அடைந்துவிட மாட்டார். பழக்கம் என்பது நாள்தோறும் சேர்வது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்லும் கொமுட்டர் இரயில் நிலையத்திலும், கோயில் அன்னதானத்திலும் அதனை நாம் பழகலாம். அதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை, காசும் செலவில்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே, அடுத்த விருந்தில் தட்டை ஏந்தியவுடன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டியோ, உங்களினும் சிறிய தம்பியோ நின்றிருப்பர். அவர்களை எண்ணிக் கரண்டியை எடுங்கள். கடைசி இலைக்கும் பாயசம் எட்டட்டும்.