கென்யா ஸ்திரீகளும் விளைநிலமும்

ஆப்பிரிக்காவின் பட்டினியைப் பற்றிப் பேசப் புகும் கனவான்கள் பெரும்பாலும் ஒரே மருந்தைச் சொல்லி முடிக்கிறார்கள். கிராமத்து ஸ்திரீகளுக்கு நல்ல விவசாய முறைகளைக் கற்பித்துவிட்டால் போதும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். கற்பிக்க வேண்டியது அவசியமே. ஆனால் கற்றவளுடைய கையில் நிலம் நிலைத்திராவிட்டால் அக்கல்வி யாருக்குப் பயன்படும் என்று நாம் கேட்கிறோம். கென்யா தேசத்தின் சரித்திரம் இக்கேள்விக்கு விடையளிக்கிறது.

அத்தேசத்தில் பிரிட்டிஷ் சர்க்காரும் ஒரு காலத்தில் மண்ணைக் காக்கும் பாடம் புகட்ட முன்வந்தார்கள். வளமான மேட்டு நிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்கு ஒதுக்கிய பின்னர், எஞ்சிய இடத்தில் நெருக்குண்ட ஜனங்களின் மீது மண் கெட்ட பழியைச் சுமத்தினார்கள். மூராங்கா ஜில்லாவின் மலைச்சரிவுகளில் கூலியின்றிப் படிவரப்புகள் வெட்ட வேண்டுமென்று கட்டளை பிறந்தது. அவ்வேலையில் பெரும்பங்கு ஸ்திரீகளைச் சார்ந்தது. 1948-இல் அவர்கள் கூட்டமாகத் திரண்டு, இனிச் செய்யமாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். படிவரப்பு நன்மையான காரியமே. பலாத்காரத்தினால் அதுவும் வெறுப்புக்குரியதாயிற்று. பின்னர் 1954-இல் வந்த ஸ்வின்னர்டன் திட்டம் துண்டு நிலங்களை ஒன்று சேர்த்துப் பட்டா வழங்கிற்று. அப்பட்டாக்களில் ஏறிய பெயர்கள் பெரும்பாலும் ஆடவருடையவை.

இன்று அங்கே வேறு விதமான கல்வியும் நடைபெறுகிறது. தாமஸ் ஒதியாம்போ என்னும் கென்யா விஞ்ஞானி 1970-இல் நைரோபியில் ஸ்தாபித்த பூச்சியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்துடன் சேர்ந்து, 1990-களில் ஒரு முறையை வகுத்தது. மக்காச்சோள வரிசைகளின் நடுவே டெஸ்மோடியம் என்னும் பயறினத்துக் கொடியையும், வயலைச் சுற்றி நேப்பியர் புல்லையும் நடுகிறார்கள். தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியைக் கொடியின் வாசனை விரட்டுகிறது. புல் தன்பால் இழுக்கிறது. புல்லில் பொரிக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நம் சோளக் கொல்லைகளிலும் காணும் சுடுமல்லிக் களையின் வித்து, அக்கொடியின் வேரினால் முளைத்து, பயிரைப் பற்றமாட்டாமல் மாய்கிறது. மண்ணுக்குத் தழைச்சத்தும் பசுவுக்குத் தீவனமும் கிடைக்கின்றன. விக்டோரியா ஏரியை அடுத்த கிராமங்களில் ஒருத்தியின் வயலைப் பார்த்து மற்றொருத்தி கற்றுக்கொள்கிறாள்.

ஆயினும் டெஸ்மோடியம் ஒரு பருவத்தோடு முடிவதன்று. முதற் பருவத்தில் கருத்தாகக் களையெடுத்து வளர்த்தால் பல வருஷம் பயன் தரும். புருஷன் இறந்தால் அவனுடைய பந்துக்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சும் ஸ்திரீ எந்த நம்பிக்கையில் அதை நடுவாள்? மண்வளம் காக்கும் முறைகளில் மிகப் பல இத்தகையனவே. உழைப்பு இவ்வருஷத்தது, பலன் வரும் வருஷங்களுக்குரியது.

முதலில் கற்கட்டும், பாத்தியதை பிறகு வரட்டும் என்பாருண்டு. வாங்காரி மாத்தாய் அம்மையார் அவ்வாறு கருதவில்லை. 1977-இல் அவர் தொடங்கிய பசுமை வளைய இயக்கம், நட்ட கன்று பிழைத்தால் ஸ்திரீகளுக்குச் சிறு தொகை அளித்ததோடு, பிரஜைகள் என்ற முறையில் அவர்களுக்குள்ள உரிமைகளையும் போதித்தது. 2010-இல் கென்யா ஜனங்கள் ஏற்ற அரசியல் சாஸனம், நில விஷயத்தில் ஸ்திரீ புருஷ பேதம் ஒழிய வேண்டுமென்று விதித்திருக்கிறது.

சாஸனத்தில் எழுதிய நீதி வயல் வரப்பு வரை வந்து சேரவேண்டும். ஆசிரியரை அனுப்பும் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும், அவருடன் பட்டாவுக்கு வழி காட்டுவோரையும் அனுப்புவார்களாக. அப்பொழுதே கற்ற கல்வி மண்ணில் வேரூன்றும்.