மீனவருக்கு ஏற்ற செல்போன் எது?

தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பார், தருவைகுளம், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் இன்று வலையோடு செல்போனும் கடலுக்குச் செல்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் போன்கள் எல்லாம் கடலுக்கு ஏற்றவை அல்ல.

எவ்வளவு தூரம் தொழிலுக்குச் செல்கிறோம் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கரையிலுள்ள கோபுரத்தின் சிக்னல் பொதுவாகக் கடலுக்குள் 10 முதல் 12 கிலோமீட்டர் வரைதான் எட்டும். கரையோரம் சென்று திரும்பும் நாட்டுப்படகினருக்கும் சங்கு குளிப்போருக்கும் பேச மட்டுமே வேண்டுமானால் பட்டன் போனே போதும். ஒருமுறை சார்ஜ் செய்தால் சில நாள்கள் தாங்கும். ஆனால் 4ஜி பட்டன் போனாக வாங்குவது நல்லது. 2ஜி போனில் ஜியோ சிம் இயங்காது.

ஆழ்கடல் செல்வோர் நிலை வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஏற்கெனவே தொலைவில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குச் செல்போன் வழியாகச் செய்தி சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதன்பின் 2019-இல் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. இது செயற்கைக்கோள் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் ஸ்மார்ட் போனில் காட்டும். பதில் அனுப்ப இயலாது. இத்தகைய கருவியோடு இணைக்க ஸ்மார்ட் போன் கட்டாயம் தேவை. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பையும் அலை முன்னறிவிப்பையும் கரையிலேயே பார்த்துக்கொள்ளவும் அது உதவும்.

சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். இயங்கும், வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும். கோபுரத்தைத் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் அப்பகுதியில் ‘பிளைட் மோடு’ போட்டு வைப்பது சிக்கனம். பேட்டரி 5000 எம்.ஏ.எச். அளவுக்குக் குறையாமல் இருப்பது நலம்.

நீர் புகாத போன் என்ற விளம்பரத்தை அப்படியே நம்பலாகாது. ஐ.பி.67 என்பது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனையே தவிர, உப்புநீருக்கான உத்தரவாதம் அல்ல. ஈரம் காயாமல் சார்ஜ் ஏற்றினால் முனைகள் அரித்துப்போகும். நனைந்த போனை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கமும் பயன் தராது. அரிசித் தூசி உள்ளே புகுவதுதான் மிச்சம். உடனே அணைத்து, காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்.

எந்தப் போனாயினும் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554-ஐப் பதிந்து வைக்க வேண்டும். சிக்னல் எல்லைக்கு அப்பால் இந்த எண் பயன்படாது, அங்கு வி.எச்.எப். கருவியின் 16-ஆம் சேனலில்தான் உதவி கோர வேண்டும்.