நுரையீரலுக்கு ஒரு தடுப்புத் திரை: சீன வைத்தியம் சொல்வது என்ன?

பருவம் மாறினால் வீட்டில் ஒருவர் விடாமல் ஒருவராகத் தும்மல், இருமல். இதற்குச் சீன வைத்தியர்கள் நுரையீரலைத்தான் கை காட்டுவார்கள். வெளிக்காற்று நேராக உள்ளே போய்த் தொடும் உறுப்பு அது. ரொம்ப மென்மையானது, மூக்கும் தோலும் அதன் வாசல்கள் என்பது அவர்கள் கணக்கு.

சுமார் 2000 ஆண்டுப் பழமையான 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல், இலையுதிர் காலத்தை நுரையீரலின் காலம் என்கிறது. வட சீனாவில் செப்டம்பருக்கு மேல் வறண்ட காற்று வீசும், தொண்டை காயும். அப்போது சீக்கிரம் படுத்து, கோழி கூவும்போது எழச் சொல்கிறது. வீடுகளில் பேரிக்காயைக் கல்கண்டு சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். தொண்டைக்கு இதம்தான். சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்கண்டு ஆகாது.

அடிக்கடி சளி பிடிக்கிறவர்களுக்கு, 'யூ பிங் ஃபெங் சான்' என்ற மூன்று மூலிகைச் சூரணம். காற்றைத் தடுக்கும் ஜேட் கல் திரை என்று பொருள். தோலுக்கு அடியில் காவல் நிற்கும் 'வெய் ச்சி' என்ற சக்தியை இது பலப்படுத்தும் என்பார்கள். அதை ரத்த வெள்ளை அணுக்களோடு அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. இதை நோய் வருமுன்தான் தருவார்கள். காய்ச்சல் வந்தபிறகு அல்ல.

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இப்படி ஏதாவது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, "மூலிகைதானே டாக்டர், என்ன செஞ்சிடும்?" என்று கேட்பதுண்டு. செய்யும்!

மூச்சிரைப்புக்குச் சீனர்கள் தரும் 'மா ஹுவாங்' செடியிலிருந்துதான் 1885-ல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். மூச்சுக்குழலை விரிக்கும் அதே சரக்கு, ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும். துணை உணவுகளில் இதைச் சேர்க்க அமெரிக்கா 2004-ல் தடை விதித்தது. நம் அதிமதுரத்தையும் சீனர்கள் பல மருந்துகளில் சேர்ப்பார்கள். அதையும் அதிகமாக, நாள் கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

ஆகவே, பாட்டிலில் என்னென்ன மூலிகை என்று தெரியாமல் வாயில் போடாதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கஷாயம் காய்ச்ச நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வருமுன் காப்பதுதான் சீன வைத்தியத்தின் சாரம். நேரத்துக்குத் தூக்கம், இதமான சூடான உணவு, புகையில்லாத வீடு. இவற்றுக்கு எந்தப் பாட்டிலும் தேவையில்லை.